ஜி லீக்குக்குப் போக ஏஜென்சி வேண்டுமா?

கேள்வி: "என் மகனுக்கு 22 வயது. ஆறடி மூன்று அங்குலம். ஒன்ராறியோவில் பல்கலைக்கழக அணிக்கு நாலாவது ஆண்டாகக் கூடைப்பந்து ஆடுகிறான், பொயின்ட் கார்ட். போன மாதம் ஒரு ஆட்டம் முடிந்ததும் ஒருவர் வந்து தன்னை ஏஜென்ட் என்று சொல்லிக் கதைத்தார். ஜூலையில் லாஸ் வேகாஸில் மூன்று நாள் 'ஷோகேஸ்' நடக்கிறதாம். என்பிஏக்குக் கீழே இருக்கிற ஜி லீக்கின் அணிகளிலிருந்து ஆட்கள் பார்க்க வருவார்களாம். 3,800 அமெரிக்க டொலர் கட்டினால் ஒப்பந்தம் ஏறக்குறைய நிச்சயமாம். மகன் துள்ளுகிறான். மைத்துனரோ, 'ஜி லீக் என்றால் என்பிஏயில் கழித்து விட்டவர்கள் ஆடுகிற இடம், அதற்குப் போய் யாராவது காசு கட்டுவார்களா' என்கிறார். கட்டலாமா?" (ஸ்காபரோவிலிருந்து ஒரு தந்தை)

பதில்: கட்டாதீர்கள். மகனிடம் இதை எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் மீதிப் பதில்.

முதலில் மைத்துனரின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். அவர் சொல்வது இருபது வருடத்துக்கு முந்திய கதை. வட அமெரிக்காவின் முதல்நிலைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ, தனக்கு ஆள் தயார்பண்ண 2001இல் இந்த லீக்கைத் தொடங்கியபோது எட்டே அணிகள்தான். எல்லாமே அமெரிக்காவின் தென்கிழக்கில், ஹன்ட்ஸ்வில், ரோனோக், ஆஷ்வில் என்று நம்மில் பலர் கேள்விப்படாத ஊர்களில். அதற்கு முன் பல வருடம் இதே வேலையைச் செய்துவந்தது சிபிஏ என்ற லீக். பிற்பாடு என்பிஏயில் கொடிகட்டிப் பறந்த ஃபில் ஜாக்சன் பயிற்சியாளராகத் தேறி வந்ததே அங்கேதான். 1999இல் முன்னாள் என்பிஏ நட்சத்திரம் ஐசேயா தாமஸ் அதை ஒரு கோடி டொலருக்கு வாங்கினார். 2001 பெப்ரவரியில், சீசன் பாதியில் இருக்கும்போதே அது படுத்துவிட்டது. பிறகு வேறு ஆட்கள் தூக்கி நிறுத்திப் பார்த்தார்கள், 2009இல் அதுவும் ஓய்ந்தது. சின்ன லீக் என்றாலே சம்பளம் வராது, பஸ்ஸில் இரவெல்லாம் பயணம், ஒருநாள் காலையில் அணியே இருக்காது என்ற பேர் அப்படி வந்ததுதான்.

இன்றைய நிலைமை வேறு. ஒரு பானக் கம்பெனி காசு கொடுத்ததால் 2017இல் பேர் 'ஜி லீக்' ஆனது. 2024-25 சீசனில் 31 அணிகள். முப்பது என்பிஏ அணிகளுக்கும் தலைக்கு ஒன்று, மெக்சிகோ சிட்டி மட்டும் தனி. நீங்கள் ரொறன்ரோக்காரர், 2019 ஜூனில் உங்கள் ஊர் ராப்டர்ஸ் என்பிஏ கிண்ணம் வென்றபோது தெருவில் இறங்கிக் கொண்டாடியிருப்பீர்கள். அந்த ராப்டர்ஸ் அணியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதன் வீரர்கள் சியாகமும் வான்வ்லீட்டும் மிசிசாகாவில் இருக்கிற ராப்டர்ஸ் 905 என்ற ஜி லீக் அணிக்கு ஆடியவர்கள். அந்த அணி 2017இல் கிண்ணம் வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் சியாகம்தான். பயிற்சியாளர் நிக் நர்ஸ் ஐயோவாவிலும் டெக்சாஸிலும் இதே லீக்கில் இரண்டு கிண்ணம் வாங்கிவிட்டுத்தான் மேலே வந்தார். மொன்றியலில் வளர்ந்த கிறிஸ் புஷே அந்த 2018-19 சீசனிலேயே ஜி லீக்கின் சிறந்த வீரர், சிறந்த தடுப்பாட்டக்காரர் இரண்டு விருதையும் சேர்த்து வாங்கினார். கழித்து விட்டவர்களின் இடம் என்று மைத்துனர் இனிச் சொல்ல மாட்டார்.

சரி. ஆனால் அந்த ஏஜென்டும் உங்களிடம் இதே பேர்களைத்தான் சொல்லியிருப்பார். என்பிஏ வீரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஜி லீக்கில் ஆடியவர்கள் என்றும் சொல்லியிருப்பார். அது உண்மைதான். அதையே தலைகீழாக்கி, ஜி லீக்குக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் என்பிஏக்குப் போவார்கள் என்று கேட்கிறவரை நினைக்க வைப்பதில்தான் இருக்கிறது வித்தை. சியாகம் வாசலில் வரிசையில் நின்று 905க்குள் வந்தவர் இல்லை. ட்ராஃப்டில், அதாவது என்பிஏ அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கிறபோது, 27ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, என்பிஏ சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட நேரம் கிடைக்கட்டும் என்று கீழே அனுப்பப்பட்டவர். வான்வ்லீட்டை ட்ராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, ஆனால் அவரிடமும் ராப்டர்ஸ் ஒப்பந்தம் இருந்தது.

வெளியிலிருந்து வருகிறவனுக்கு எத்தனை இடம் மிஞ்சும்? அணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் என்று வைத்தால் லீக் முழுக்க முந்நூற்றைம்பது சொச்சம் இடம். மேலிருந்து அனுப்பப்படுகிறவர்கள், என்பிஏ அணிக்கும் ஜி லீக் அணிக்கும் மாறி மாறி ஆடுகிற 'டூ-வே' ஒப்பந்தக்காரர்கள், என்பிஏ முகாமில் கடைசி நாளில் விடப்பட்டவர்கள், போன வருடம் ஆடியதால் அணி உரிமை வைத்திருக்கிறவர்கள், ஒக்டோபரில் நடக்கும் ஜி லீக்கின் சொந்த ட்ராஃப்ட். இவ்வளவும் போக மிஞ்சுவதுதான் உங்கள் மகனுக்கு. டூ-வே, எக்ஸிபிட் 10 என்று அந்த ஆள் பெரிய வார்த்தைகள் சொன்னால் தலையைப் போட்டு உடைக்காதீர்கள். அவையெல்லாம் என்பிஏ அணி தானாகத் தேடி வந்து கொடுப்பவை. ஷோகேஸில் காசு கட்டி வாங்குகிற சாமான் இல்லை.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024-25இல் சாதாரண ஜி லீக் ஒப்பந்தம் சீசனுக்கு 43,000 அமெரிக்க டொலர். தங்க இடமும் மருத்துவக் காப்புறுதியும் உண்டு. அதே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கிற டூ-வே பையனுக்கு 5 லட்சத்து 78 ஆயிரம். ஒரே சீருடை, ஒரே பயிற்சி, பதின்மூன்று மடங்குக்கு மேல் சம்பளம். இதற்கு மேல் ஒரு கூத்து: உங்கள் மகன் கையெழுத்துப் போடுவது அணியோடு இல்லை, லீக்கோடு. எந்த ஊரில் ஆடுவது என்பதை அவன் தீர்மானிக்க முடியாது. செவ்வாய்க்கிழமை மிசிசாகாவில் இருப்பவனை வியாழக்கிழமை தென் டக்கோட்டாவுக்கு மாற்றலாம். ஒரேயொரு நல்ல விசயம், சாதாரண ஒப்பந்தத்தில் இருப்பவனை எந்த என்பிஏ அணியும் கூப்பிடலாம், 905இல் ஆடினால் ராப்டர்ஸ்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. வீரர்களுக்கு ஒரு சங்கம் அமையவே 2020 ஆனது. கோடிகளில் புரளுகிற ஒரு வியாபாரம் தன் பயிற்சிப் பட்டறையை இப்படித்தான் நடத்துகிறது. நான் கத்தி என்ன ஆகப் போகிறது, விடுங்கள்.

இப்போது உங்கள் 3,800 டொலருக்கு வருவோம்.

ஜூலையில் லாஸ் வேகாஸ் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. என்பிஏயின் கோடைக்கால லீக் அங்கே, அதே மாதத்தில்தான் நடக்கிறது. முப்பது அணிகளின் ஆட்களும் ஊரில் இருப்பார்கள், அது உண்மை. அந்த வாரத்தில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மை வாடகைக்கு எடுத்துவிட்டு, ஸ்கவுட்கள் (அணிகளுக்கு ஆள் தேடுகிறவர்கள்) ஊரில் இருக்கிறார்கள் என்று நோட்டீஸ் அடிப்பது பழைய தந்திரம். ஊரில் இருப்பது வேறு, உங்கள் ஜிம்முக்கு வருவது வேறு. 'ஷோகேஸ்' என்ற பேரும் இரவல்தான். ஜி லீக்குக்கு அதே பேரில் அதிகாரபூர்வமான ஒன்று இருக்கிறது, டிசம்பரில் நடக்கும். அதில் ஆடுவது லீக்கில் ஏற்கெனவே இருக்கிற அணிகள். வெளியாட்கள் காசு கட்டிச் சேர வழியே இல்லை.

சில வருடத்துக்கு முன் ஒரு குடும்பம் இப்படியொரு நோட்டீஸை என் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, காசு கட்டிய பிறகுதான் என்னிடம் கேட்டது. பளபளப்பான கடதாசி, மேலே பாதிப் பக்கத்துக்கு ஒருவன் டங்க் அடிக்கிற படம். "அணிகளின் பிரதிநிதிகள் அழைக்கப்பட்டுள்ளனர்" என்று தடித்த எழுத்தில். அழைக்கப்பட்டுள்ளனர். நானும்தான் பிரதமரை என் மகளின் அரங்கேற்றத்துக்கு அழைக்கலாம். கடைசி வரியில், கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற அளவில், இது எந்த ஒப்பந்தத்துக்கும் உத்தரவாதம் அல்ல, கட்டிய பணம் திருப்பித் தரப்படாது என்று இருந்தது. பையன் போய் ஆடினான். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் மற்றப் பையன்களின் பெற்றோர். மிச்சப் பேர் அடுத்த ஷோகேஸுக்கு ஆள் பிடிக்கிறவர்கள்.

நம் ஆட்களுக்கு ஏஜென்சி என்றால் என்ன என்று புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஊரிலிருந்து நம்மை இங்கே அனுப்பிய ஏஜென்சிக்காரர்களில் பலர்கூட பாதிக் காசை ஆள் போய்ச் சேர்ந்த பிறகுதான் வாங்கினார்கள். இவர் முழுக் காசையும் முன்னால் கேட்கிறார்.

உண்மையான ஏஜென்ட் வீரனிடம் முன்பணம் கேட்பதில்லை. என்பிஏ ஒப்பந்தங்களில் ஏஜென்டின் பங்கு அதிகபட்சம் 4 சதவீதம், அதுவும் சம்பளம் வந்த பிறகு. ஐரோப்பாவில் வழக்கமாக 10 சதவீதம், அதைப் பெரும்பாலும் கிளப்பே கட்டிவிடும். என்பிஏ வீரர் சங்கம் அங்கீகரித்தவர்களின் பட்டியலும், வெளிநாட்டு ஒப்பந்தங்களுக்கு ஃபீபா (FIBA) என்ற உலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் உரிமம் பெற்றவர்களின் பட்டியலும் இணையத்தில் இருக்கின்றன. அந்த ஆளின் பேரை இரண்டிலும் தேடுங்கள். ஐந்து நிமிட வேலை. இரண்டிலும் இல்லாவிட்டால் அவர் கொடுத்த கார்ட் வெறும் அச்சுக் கடதாசி. ஆனால் கார்ட் அடிப்பதை யாரும் தடுப்பதில்லை. லீக்கும் சங்கமும் தங்கள் எல்லைக்குள் நடப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. எல்லைக்கு வெளியே பிள்ளைகளிடம் பிடுங்குகிறவனை யார் கேட்பது?

இவ்வளவையும் படித்துவிட்டு, காசு கேட்கிறவர்கள் எல்லோரும் கள்ளர் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு விலக்கு இருக்கிறது. அதைத் தெரியாமல் நல்ல வாய்ப்பைத் தவறவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜி லீக் அணிகள் சீசனுக்கு முன், பெரும்பாலும் செப்டெம்பர், ஒக்டோபரில், தாங்களே உள்ளூர் ட்ரையவுட் (ஆள் தேர்வு) நடத்துவார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. அது ஓரிரு நூறு டொலர் மட்டத்தில் இருக்கும், ஆயிரங்களில் இருக்காது. அறிவிப்பு அணியின் சொந்தத் தளத்தில் வரும். காசு அணியின் பேருக்குப் போகும். இடையில் ஒருவரும் இல்லை. இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் அது ட்ரையவுட் அல்ல. ஹூஸ்டன் பையன் ஜொனத்தன் சிமன்ஸ் 2013இல் 150 டொலர் கட்டி இதே லீக்கின் ஒஸ்டின் டோரோஸ் அணியின் ட்ரையவுட்டுக்குப் போனார். 2015இல் என்பிஏ அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸில் இருந்தார். 2017இல் ஒர்லாண்டோவோடு மூன்று வருடத்துக்கு 2 கோடி டொலர் ஒப்பந்தம். அப்படியும் நடக்கும். ஆனால் ஊருக்கு ஊர் இத்தனை வருடமாக ட்ரையவுட் நடந்தும் எல்லோரும் சொல்வது இந்த ஒரு சிமன்ஸின் பேரைத்தான் என்பதையும் மகன் கவனிக்கட்டும். அங்கே முதுகில் இலக்கம் ஒட்டிய எண்பது, நூறு பேர் இருப்பார்கள். ஆளுக்குப் பந்து கையில் இருப்பது மொத்தம் சில நிமிடம். பயிற்சியாளர்கள் பார்ப்பது, பந்து இல்லாதபோது அவன் என்ன செய்கிறான் என்பதை. இருபது புள்ளி போடுகிற ஆட்கள் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். தடுப்பாட்டத்தில் வாய் திறந்து கத்தி அடுத்தவனுக்கு இடம் சொல்லுகிறவன்தான் கண்ணில் படுவான். தேர்வானாலும் கிடைப்பது முகாமுக்கு அழைப்பு மட்டும்தான், அங்கிருந்து அணிக்குள் போவது இன்னொரு சண்டை.

இன்னொன்று, இதை ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறீர்கள், உங்கள் ஊருக்கே ஒரு தொழில்முறை அணி இருக்கிறது. ஸ்காபரோ ஷூட்டிங் ஸ்டார்ஸ் 2022இல் கனடிய சிஇபிஎல் லீக்கில் சேர்ந்து, 2023இல் கிண்ணத்தையே எடுத்தது. ராப் பாடகர் ஜே. கோல் வந்து ஆடியதால் முதல் வருடம் கொஞ்சம் வேடிக்கையாகப் பார்த்தார்கள், இப்போது அப்படி இல்லை. இந்த லீக்கில் ஒவ்வொரு அணியும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கனடியர்களை வைத்திருந்தே ஆக வேண்டும். பல்கலைக்கழக வீரர்களுக்கென்று தனி ட்ராஃப்டும் இருக்கிறது. அந்த வழியாகப் போகிற பையன் கோடையில் தொழில்முறை வீரர்களோடு ஆடிவிட்டு, இலையுதிர் காலத்தில் திரும்பிவந்து தன் பல்கலைக்கழக அணிக்கு ஆடலாம். கோடைக்காசில் வருடம் முழுக்கச் சீவிக்க முடியாதுதான். ஆனால் ஜி லீக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்களை எதிர்த்து ஆடிய முழு ஆட்ட வீடியோ கையில் இருக்கும். வேகாஸ் ஜிம்மில் அது கிடைக்காது.

உங்கள் மகனுக்கு இது முக்கியம், ஏனென்றால் நாலாவது ஆண்டு என்கிறீர்கள். கனடியப் பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பான யூ ஸ்போர்ட்ஸில் ஐந்து ஆண்டு ஆடலாம். அந்த ஏஜென்ட் நீட்டுகிற ஏதோவொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் ஐந்தாவது ஆண்டு சிக்கலாகலாம். எந்தக் கடதாசியில் பேனை வைப்பதற்கு முன்னும் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். அதேபோல், விசிட்டராகப் போய் அமெரிக்காவில் ஆடிச் சம்பளம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். வேலை விசா இல்லாமல் முடியாது, அதை எடுத்துக் கொடுப்பது அணியின் வேலை.

நீங்கள் இணைத்திருந்த நாலு நிமிட வீடியோவையும் பார்த்தேன். பையனின் கை நல்ல கை. ஆனால் அதில் இருப்பதெல்லாம் மூன்று புள்ளி வீச்சுகள். எதிராளி பந்தோடு வரும்போது அவன் கால் எப்படி நகர்கிறது என்று ஓர் இடத்திலும் தெரியவில்லை. வெட்டி ஒட்டாத இரண்டு முழு ஆட்டத்தை அனுப்பச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்று தோற்ற ஆட்டமாக இருக்கட்டும்.