ஜனாதிபதி முறையா, பாராளுமன்ற முறையா: திருகோணமலைக்காரரின் கேள்விகளும் பதில்களும்

உவர்மலை, உயர்தர மாணவி: சேர், ரெண்டு முறைக்கும் வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

பதில்: ஆட்சித் தலைவரை யார் வீட்டுக்கு அனுப்பலாம் என்று பாருங்கள் பிள்ளை, பாதி விளங்கிவிடும். பாராளுமன்ற முறை உள்ள இந்தியாவில் 1999இல் பிரதமர் வாஜ்பாயின் அரசு பாராளுமன்றத்தில் 269க்கு 270 என்று ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. ஜனாதிபதி முறை உள்ள அமெரிக்காவில் அது நடக்காது. ஜனாதிபதியை நீக்கக் குற்றப்பிரேரணை வந்து, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழவேண்டும். இதுவரை ஒருவரும் அப்படிப் பதவி இழந்ததில்லை.

கிண்ணியா வாசகர்: அப்ப நம்ம நாடு எந்தப் பக்கம் நானா?

பதில்: ரெண்டும் கலந்தது. 1978இல் ஜே.ஆர். ஜெயவர்தன கொண்டுவந்த அரசியல் யாப்புப்படி ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்கிறார்கள், ஆனால் பிரதமரும் அமைச்சர்களும் பாராளுமன்றத்திலிருந்துதான் வரவேண்டும். ரெண்டு இடத்திலும் ஒரே கட்சி இருந்தால் சத்தமே வராது. இல்லாவிட்டால் 2018 மாதிரி ஆகும்: அப்போதைய ஜனாதிபதி மைத்திரி, பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார், பெரும்பான்மை சேராததால் பாராளுமன்றத்தையே கலைத்தார், டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தக் கலைப்பு செல்லாது என்றது. பாராளுமன்றம் கூடி நாலரை வருடம் ஆகுமுன் ஜனாதிபதி தன்பாட்டில் கலைக்க முடியாது என்று யாப்பின் 19ஆம் திருத்தத்தில் இருந்தது, அதுதான் காப்பாற்றியது.

மூதூர் வாசகர்: ஜனாதிபதித் தேர்தல் இருப்பதால்தான் சிறுபான்மை வாக்குக்கு மதிப்பு என்கிறார்களே?

பதில்: போட்டி இறுக்கமாக இருந்தால் சரி. 2015இல் நம் மாவட்டத்தில் 70 சதவீதத்துக்கு மேல் மைத்திரிக்கு விழுந்தது, அவர் வென்றார். 2019இல் கிட்டத்தட்ட அதே அளவு சஜித்துக்குப் போட்டோம், கோட்டாபய நம் வாக்கில்லாமலே 52 சதவீதத்தோடு வந்துவிட்டார்.

நகரிலிருந்து ஒருவர்: இந்த ஜனாதிபதி முறையை ஒழித்தால் எங்களுக்கு என்ன மாறும் அண்ணா?

பதில்: 1994இல் சந்திரிகாவும் ஒழிப்பேன் என்றுதான் வந்தார், அது கிடக்கட்டும். கிழக்கின் ஆளுநர் செயலகம் நம் ஊரில்தானே இருக்கிறது, அந்தப் பக்கம் பாருங்கள். மாகாணசபை 2017 செப்டம்பரில் கலைந்தது. அதற்குப் பிறகு பல வருடம் தேர்தலே இல்லாமல், ஜனாதிபதி நியமித்த ஆளுநரே மாகாணத்தை நடத்தினார். நாளைக்குப் பிரதமர் சொல்கிறவர் ஆளுநராக வந்தாலும், சபை இல்லையென்றால் நமக்கு ஒன்றுதான்.

நிலாவெளி வாசகர்: மக்கள் வாக்களிக்காமலே ரணில் எப்படி ஜனாதிபதி ஆனார்?

பதில்: இடையில் பதவி காலியானால் மீதிக் காலத்துக்கு எம்பிமார்தான் தெரிவு செய்வார்கள். 2022 ஜூலை 20ஆம் திகதி 134 பேர் அவருக்குப் போட்டார்கள்.