‘சமாதானப்படுத்தினேன்’ என்பது பதில் ஆகாது

தம்பி,

அடுத்த வாரம் வாய்ஸ் பிராசஸ் (வாடிக்கையாளரிடம் போனில் பேசும் கால் சென்டர்) வேலைக்கு நேர்காணல், ‘ஒரு பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள்?’ என்று கேட்பார்களாம், நான் இதுவரை வேலைக்கே போனதில்லையே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அதே கடிதத்தின் கடைசி வரியில், கல்லூரி விட்டதும் மாமாவின் ரீசார்ஜ் கடையில் இரண்டு வருடமாக உட்காருவதாகவும் எழுதியிருந்தீர்கள். இதைவிட வேறு என்ன அனுபவம் வேண்டும்?

போனில் பேசியபோது ஒரு சம்பவம் சொன்னீர்கள். “ஒரு அம்மா கோபமாக வந்தார்கள், பொறுமையாகப் பேசிச் சமாதானப்படுத்தினேன்.” நேர்காணலுக்கு வரும் பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். இதில் பிரச்சினை என்ன என்றும் தெரியவில்லை, நீங்கள் செய்தது என்ன என்றும் தெரியவில்லை.

நான் விடாமல் கேட்ட பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. அந்த அம்மாவுக்கு ரீசார்ஜ் ஏறவில்லை. உங்கள் போனிலோ ‘வெற்றி’ என்று மெசேஜ் இருக்கிறது. வாதாடாமல், அவர் எண்ணை எழுதிக்கொண்டு வந்த சீட்டை வாங்கி ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டீர்கள். கடைசியில் 68 இருக்க வேண்டிய இடத்தில் 86. தட்டியது நீங்கள். “தப்பு என்னுடையதும்மா” என்று சொல்லிவிட்டு, மாமாவிடம் கேட்டு உடனே சரியான எண்ணுக்குப் போட்டுக் கொடுத்தீர்கள். மறுநாளிலிருந்து எண்ணைத் துண்டுத்தாளில் எழுதி, எதிரே நிற்பவரிடம் வாசித்துக் காட்டிய பிறகே பட்டனை அழுத்துகிறீர்கள்.

இதுதான் உங்கள் உதாரணம். அந்தத் துண்டுத்தாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். தவறைச் சரிசெய்வதைப் பலரும் சொல்வார்கள், அது திரும்ப வராமல் இருக்க என்ன செய்தார் என்று சொல்பவர் குறைவு.

யூடியூபில் ‘ஸ்டார்’ முறை என்று பார்த்திருப்பீர்கள்: சூழல், பொறுப்பு, செயல், விளைவு. நல்ல முறைதான். ஆனால் பலர் சூழலிலேயே ஒரு நிமிடத்தைக் கரைத்துவிடுகிறார்கள். சூழலுக்கு இரண்டு வரி போதும், செயலில் நின்று பேசுங்கள். மொத்தமே ஒன்றரை நிமிடத்துக்குள் முடியட்டும். ‘நாங்கள் செய்தோம்’ வேண்டாம். மாமா செய்ததை மாமா செய்தார் என்றும் நீங்கள் செய்ததை நான் செய்தேன் என்றும் பிரித்துச் சொல்லுங்கள்.

தீராமல் போன ஒன்றையும் கையில் வைத்திருங்கள். அந்த 86 எண்காரரிடம் நீங்கள் பேசியும் பணம் திரும்பவில்லையே, அதையே சொல்லலாம். தோற்றதை மறைக்காமல் சொல்லும் பிள்ளையை நம்பி ஒரு டீம் லீடர் வாடிக்கையாளரின் அழைப்பை ஒப்படைப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சில இடங்களில் அங்கேயே ஒரு சூழலைக் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். உதாரணமாக, “ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது” என்று ஒருவர் கத்துகிறார். ‘கவலைப்படாதீர்கள் சார், உடனே வந்துவிடும்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். எந்தத் தேதி, எந்த ஏடிஎம், எவ்வளவு தொகை என்று முதலில் கேளுங்கள். கார்டின் ரகசிய (PIN) எண்ணை மட்டும் கேட்கவே கூடாது. ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் வங்கி அந்தப் பணத்தைத் திருப்பிப் போட வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதைத் தெரிந்துகொண்டு பேசினால் உங்கள் குரலே மாறும். விதி தெரியாத கேள்வி வந்தால், புகாரைப் பதிவு செய்து எண்ணைக் கொடுத்துவிட்டு, விசாரித்து எப்போது திரும்ப அழைப்பேன் என்று நேரம் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தை நினைத்துத்தான் உங்களுக்குப் பயம் என்று தெரிகிறது. முதலில் சம்பவத்தைத் தமிழில் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரியாத இடம் எதுவோ, அங்கே உங்களுக்கே தெளிவில்லை. அது சரியான பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றுங்கள். மனப்பாடம் வேண்டாம், குறுக்கே ஒரு கேள்வி விழுந்தால் எல்லாம் அறுந்துவிடும்.

இன்னொன்று: வேலை தருகிறோம், முன்பணம் கட்டு என்று யார் கேட்டாலும் அங்கே நிற்காமல் வந்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்யுங்கள். ரீசார்ஜ் கதையை ஆங்கிலத்தில் சொல்லுங்கள், நான் நடுவில் குறுக்கிட்டுக் கேட்கிறேன்.