பழைய காரில் பிள்ளைகளோடு: கேள்வி பதில்

கொட்டாஞ்சேனையில் 34 வருடங்களாகப் பழைய கார்களோடுதான் என் சீவியம். மொறிஸ் மைனர், ஒஸ்ரின், பீற்றில், ஃபியட் 1100 என்று கைபடாதது குறைவு. முன்பெல்லாம் ஐயாமார் தனியாகக் காரைக் கொண்டுவருவார்கள். இப்போது தாத்தாவின் காரைத் திருத்தி எடுத்த இளம் தகப்பன்மார் பின்னாசனத்தில் பிள்ளையோடு வருகிறார்கள். எனக்கு அது பெரிய சந்தோசம், அதே அளவு பயமும்கூட. பிள்ளைகளை ஏற்றிச் செல்வது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்: அண்ணை, மாமனார் வைத்திருந்த 1961 மொறிஸ் மைனர் எங்களிடம் இருக்கிறது. ஆசனப் பட்டி (சீற் பெல்ற்) எதுவும் இல்லை. மகனுக்கு 8 மாதம். பம்பலப்பிட்டிக் கோயில்வரை இரண்டு கிலோமீற்றர்தான். மடியில் வைத்துக்கொண்டு போகலாமா?

கூடாது தங்கச்சி. மகன் 8 கிலோ இருப்பான் என்று வையுங்கள். 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு செக்கனில் நின்றால், அந்த 8 கிலோ உங்கள் கையில் ஏறத்தாழ 90 கிலோவாக இழுக்கும். இரண்டு சீமெந்து மூட்டைக்குச் சற்றுக் குறைவு. எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது, பாசம் எவ்வளவு இருந்தாலும். நீங்களும் பட்டி இல்லாமல் இருந்தால், உங்கள் உடம்பே அவனை டாஷ்போட்டோடு நசுக்கிவிடும். காலி வீதியில் 40 என்பது பெரிய வேகமும் இல்லை.

கார் வீட்டில் நிற்கட்டும். முதலில் பட்டி போடுங்கள். பிறகு பின்பக்கம் பார்த்தபடி பிள்ளையை இருத்தும் இருக்கை வாங்குங்கள். இப்போதைய ஐரோப்பிய விதி 15 மாதம்வரை பின்பக்கம் பார்த்தே இருத்தச் சொல்கிறது. முடிந்தால் அதற்கு மேலும் வைத்திருங்கள். குழந்தையின் தலை பாரம், கழுத்து இளசு. முன்னோக்கி இருந்தால் மோதலின்போது கழுத்துத்தான் தலையின் இழுவை முழுவதையும் தாங்கவேண்டும். பின்னோக்கி இருந்தால் முதுகு முழுவதும் அதைப் பகிர்ந்துகொள்ளும்.

இன்னொன்று. புதிய கார்களில் குழந்தையைப் பின்னோக்கி முன்னாசனத்தில் வைக்காதே என்பது காற்றுப்பைக்காகச் சொன்னது. உங்கள் மைனரில் காற்றுப்பை இல்லை. முன்னாசனத்தில் மட்டும் இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் நல்ல மூன்று முனைப் பட்டி போட முடிந்தால், அங்கே வைப்பது பட்டி இல்லாத பின்னாசனத்தைவிட எவ்வளவோ மேல். இரண்டு கதவு மைனர் என்றால் ஒரு கவனம்: முன்னாசனம் முன்னால் மடியும், அதற்குப் பூட்டு இல்லை. அது மடியாதபடி ஒரு கொளுக்கி செய்து போட்ட பிறகுதான் பிள்ளை.

கறுவாத்தோட்டத்திலிருந்து ஒருவர்: என்னிடம் உள்ள 1956 ஒஸ்ரின் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. பட்டிக்காகத் துளை போட்டால் அதன் அசல் தன்மை கெடாதா? மகளுக்கு மூன்று வயது.

ஐயா, துளையைப் போடுங்கள்.

அசலைக் காப்பதில் எனக்கும் ஆசை உண்டு. ஒரு கதவுக் கைபிடிக்காகப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஒரு மாதம் அலைந்தவன் நான். ஆனால் உங்கள் கார் செய்யப்பட்ட காலத்தில் இன்றைய மூன்று முனைப் பட்டி கிடையாது. வொல்வோவின் பொறியியலாளர் நில்ஸ் போலின் அதை அமைத்தது 1959 இல். மற்றக் கம்பனிகளும் செய்யட்டும் என்று வொல்வோ அந்த வடிவத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டது. உங்கள் ஒஸ்ரினைச் செய்தவர்கள் பட்டி வேண்டாம் என்று முடிவெடுக்கவில்லை, அது அவர்கள் கையில் இருக்கவில்லை. அவர்களுக்குத் தெரியாததை நாம் தெரிந்துகொண்டும் பிள்ளையை வெறும் மெத்தையில் இருத்தினால், அதில் மரியாதை எதுவும் இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1990களில் ஒரு ஒஸ்ரின் ஏ40 வைத்திருந்தேன். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. முன்னாசனத்தில் மனைவிக்கும் கதவுக்கும் இடையில் நின்றுகொண்டு வந்தாள். ஒரு வளைவில் கதவு தானாகத் திறந்தது. மனைவியின் கை அவள் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தது. அவ்வளவுதான், வேறெதுவும் அவளைப் பிடித்திருக்கவில்லை. காரை நிறுத்தினேன். சட்டையில் இரண்டு பொத்தான் அறுந்திருந்தது. அந்தக் கிழமையே துளை போட்டேன்.

தெஹிவளையிலிருந்து: ஒரு கராஜில் பட்டி போட்டுத் தந்தார்கள். சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது?

நல்ல கேள்வி. பட்டியைப் பார்க்காதீர்கள், பட்டி எதில் கட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

கார்ப்பெற்றைத் தூக்குங்கள். போல்ட் வரும் இடத்துக்குக் கீழே காருக்கு அடியில் படுத்து வெளிச்சம் அடியுங்கள். வெறும் வொஷர் மட்டும் தெரிந்தால் அந்த வேலை வேலையே இல்லை. மோதலில் போல்ட் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வரும். உள்ளங்கையளவு, குறைந்தது 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகடு வைத்து, நல்ல தகரத்தில் வெல்டிங் செய்திருக்கவேண்டும். போல்ட் பட்டிக்கென்றே வரும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி உள்ளது. ஹாட்வெயார் கடையில் வாங்கும் சாதாரண போல்ட் கூடாது.

சென்ற வருடம் ஒரு மைனர் வந்தது. புத்தம் புது சிவப்புப் பட்டி, பளபளவென்று. கதவடிச் சட்டத்தில் ஸ்குறூ டிரைவரை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது நுனியில் ஈரமான செம்பழுப்புத் தூள், தேயிலைத் தூள் மாதிரி. அந்தத் தகரத்தில்தான் இரண்டு பிள்ளைகளின் பட்டி தொங்கிக்கொண்டிருந்தது. கடற்காற்றடிக்கும் ஊர் இது. மரைன் டிரைவ் பக்கம் வெளியில் நிற்கும் கார் என்றால் வருடம் ஒருமுறை அடியைத் தட்டிப் பார்க்கவேண்டும். முதலில் தகரம், அடுத்தது பட்டி, கடைசியில்தான் பிள்ளை இருக்கை. வரிசையை மாற்றினால் காசுதான் வீண்.

தோள்பட்டியின் மேல்முனை தோள் உயரத்தில் அல்லது அதற்கு மேலே இருக்கவேண்டும். சிலர் இலகுவென்று அதை ஆசனத்துக்குப் பின்னால் தரையில் பூட்டுகிறார்கள். அப்படிப் பூட்டினால் மோதும்போது பட்டி தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பைப் பதம்பார்க்கும்.

அதே கேள்வியின் தொடர்ச்சியாக, மட்டக்குளியிலிருந்து: பின்னாசனத்தில் இடுப்புப் பட்டி மட்டும்தான் போட முடிகிறது. ஐந்து வயது மகனுக்கு உயர்த்தும் இருக்கை வாங்கலாமா?

வேண்டாம். உயர்த்தும் இருக்கை, அதுதான் வெறும் மேடைபோல வருவது, தோள்பட்டியைப் பிள்ளையின் தோளில் சரியாக விழச் செய்யத்தான் இருக்கிறது. தோள்பட்டியே இல்லையென்றால் பிள்ளை இடுப்பில் மடிந்து தலை முன்னாசனத்தில் அடிக்கும். பட்டி வயிற்றில் ஏறிக் குடலையும் முள்ளந்தண்டையும் காயப்படுத்தும். இடுப்புப் பட்டி மட்டும் உள்ள இடத்தில், தனக்கென்று ஐந்து முனைக் கட்டு, அதாவது இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று பிடிக்கும் பட்டிகள், உள்ள இருக்கைதான் நல்லது. அதிலும் இடுப்புப் பட்டியால் கட்டலாம் என்று அதன் கைந்நூலில் எழுதியிருக்கவேண்டும். அப்படிப்பட்டவை குறைந்துகொண்டு வருகின்றன. வாங்குமுன் கைந்நூலைத் திறந்து வாசியுங்கள்.

கட்டிய பிறகு பட்டி நுழையும் இடத்தில் இருக்கையைப் பிடித்து ஆட்டுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மீண்டும் கட்டுங்கள்.

பொரளையிலிருந்து: புதிய கார்களில் பிள்ளை இருக்கையைப் பட்டியில்லாமல் நேரே பூட்டும் ஐசோஃபிக்ஸ் வளையங்களை வெல்டிங் செய்து போட முடியுமா?

செய்யாதீர்கள். அந்த வளையங்கள் உடம்புச் சட்டத்தோடு சேர்த்துச் சோதித்துச் செய்யப்படுபவை. பட்டியால் கட்டும் இருக்கை போதும். யப்பானிலிருந்து வரும் பாவித்த இருக்கை என்றால் அதன் வயதும் விபத்தில் பட்டதா என்பதும் தெரியாது. நான் வாங்கமாட்டேன்.

நாரஹேன்பிட்டியிலிருந்து: எங்களிடம் பீற்றில். பின்னாசனத்தில் இரண்டு இருக்கை வைத்தால் வேறேதும் கவனிக்கவேண்டுமா?

மெத்தையைத் தூக்குங்கள். வலப்பக்கம் பற்றரி இருக்கிறது, பிள்ளைக்கு நேர் கீழே. மெத்தைக்குள் இரும்புச் சுருள்கம்பிகள், அவற்றுக்கு மேல் தும்பு. பாரமான இருக்கையும் அதில் ஒரு பிள்ளையும் ஏறும்போது கம்பி தாழ்ந்து பற்றரி முனையில் பட்டால் தீப்பொறி, தும்பு பற்றிக்கொள்ளும். கருகிய வட்டங்கள் உள்ள மெத்தைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே பற்றரிக்கு அதற்கென்று வந்த மூடி இருக்கவேண்டும். உயரமான வேறு பற்றரியை அங்கே திணிக்கக்கூடாது. ஒரு கிலோ உலர்தூள் தீயணைப்பான் ஒன்றைச் சாரதியின் கைக்கு எட்டும் இடத்தில் பூட்டி வையுங்கள். பூட்டாமல் உருள விட்டால் அது பிரேக் மிதிக்குக் கீழே போய் நிற்கும்.

கல்கிசையிலிருந்து: பின்கதவுகளுக்குப் பிள்ளைப் பூட்டு இல்லை. மகள் கைபிடியோடு விளையாடுகிறாள். கயிற்றால் கட்டிவிட்டேன்.

கயிற்றை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். தீப்பிடித்தால் அல்லது கார் வெள்ளத்தில் இறங்கினால் அந்த முடிச்சை யார் அவிழ்ப்பது? உள்கைபிடியின் நெம்பைக் கழற்றி வைத்து, வெளியிலிருந்து திறக்கும்படி விடுங்கள்; புதிய கார்களின் பிள்ளைப் பூட்டும் அதைத்தான் செய்கிறது. அதோடு கதவின் பூட்டுநாக்கும் பிணைச்சலும் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கதவைத் திறந்துவைத்து மேலும் கீழும் ஆட்டினால் தெரியும். ஐந்து முனைக் கட்டுக்குள் சரியாக இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கைபிடி எட்டாது.

ஹெந்தளையிலிருந்து: மகன் பழைய காரில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறான். எழும்பியதும் தலைவலி என்கிறான், சத்தியும் வருகிறது. மற்றக் காரில் அப்படி இல்லை.

அந்தக் காரில் அவனை இனி ஏற்றாதீர்கள், காரணம் தெரியும்வரை. புகை உள்ளே வருகிறது என்றே நினைக்கிறேன். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் எல்லாம் அதன் அடையாளங்கள். பிள்ளையை முதலில் தாக்கும், பெரியவரைப் பிறகு. சைலன்சர் குழாய் மூட்டுகள், தரையில் உள்ள ஓட்டைகள், டிக்கி மூடியின் ரப்பர் ஆகிய மூன்றையும் பாருங்கள். மகனை வைத்தியரிடம் காட்டி இதே விபரத்தைச் சொல்லுங்கள். ஓட்டத்தில் யாராவது மயங்கினால் காரை நிறுத்தி வெளியே எடுத்து 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

வத்தளையிலிருந்து ஒரு தாத்தா: பேரனை மடியில் வைத்து ஸ்டியரிங் பிடிக்க விடுவது வழக்கம். ஒழுங்கைக்குள் மட்டும்தான்.

ஐயா, உங்கள் காரின் ஸ்டியரிங் தண்டு ஒரே நேர் இரும்பு. மோதினால் மடியாது, பின்னால் வரும். அதற்கும் உங்களுக்கும் நடுவில் பேரன் இருக்கிறான். கார் நிற்கும்போது, எஞ்சின் நின்று சாவியும் உங்கள் சட்டைப்பையில் இருக்கும்போது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடிக்கட்டும்.

கிருலப்பனையிலிருந்து: கார் திருத்தும்போது மகளையும் உதவிக்குச் சேர்க்கலாமா? உப்புத்தாளால் பெயின்றைத் தேய்ப்பதில் அவளுக்கு ஆசை.

பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். பழைய பிரேக் லைனரில் அஸ்பெஸ்ரஸ். இந்த இரண்டின் தூசியும் பிள்ளைக்கு ஆகாது. ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கும். தேய்ப்பது நீங்கள், அதுவும் தண்ணீர் போட்டு. உடுப்பை மாற்றிய பிறகு மகளைத் தூக்குங்கள். அவளுக்குக் குரோம் துடைக்கக் கொடுங்கள், நட்டுகளைத் தகரப் பேணிகளில் பிரித்துப் போடக் கொடுங்கள். என் மகள் அப்படித்தான் அரை அங்குல ஸ்பானரைக் கண்ணால் பார்த்தே எடுக்கப் பழகினாள்.

வெள்ளவத்தையிலிருந்து இன்னொருவர்: ஏசி இல்லை. வெயில் நேரத்தில்?

காலை எட்டுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின். பட்டியின் கொளுக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள், ரெக்ஸின் ஆசனத்துக்கு மேல் பருத்தித் துவாய் விரியுங்கள். கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஒரு நிமிடத்துக்கும் பிள்ளையை உள்ளே விடாதீர்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: ஒகஸ்ட் விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளோடு மைனரில் நுவரெலியா போக ஆசை. பட்டியும் இருக்கைகளும் நீங்களே போட்டுத் தந்தவை. போகலாமா?

போகலாம் தம்பி, அதிவேகப் பாதையைத் தொடாமல். அங்கே மற்றவர்கள் 100 இல் வரும்போது உங்கள் மைனர் நடுவில் நிற்பதுபோலத்தான் இருக்கும். பழைய கண்டி வீதியால் கடுகண்ணாவையில் ஏறி, கம்பளை, ரம்பொடை வழியாகப் போங்கள். புறப்படுமுன் பிரேக் எண்ணெயை மாற்றுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும், ஈரமான எண்ணெய் சூட்டில் கொதித்தால் மிதி தரைவரை போய்விடும். உங்கள் காரில் நான்கு சில்லுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. ஓரிடத்தில் ரப்பர் போனால் நான்கும் போகும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2314 என்றால் 2014 இன் 23 ஆவது கிழமை. அப்படியொரு ரயர் எவ்வளவு பூ இருந்தாலும் மலைக்கு வேண்டாம். டிக்கியில் ஜக்கைக் கட்டிப் போடுங்கள். பின்னாசன முதுகுப் பலகை மெல்லியது, அவசரமாகப் பிரேக் அடித்தால் ஜக் அதைக் கடந்து பிள்ளைகளிடம் வரும்.

ஏறுவது பிரச்சினை இல்லை, இறங்குவதுதான். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், ரம்பொடை வளைவுகளில் இரண்டாவது. பிரேக்கை ஓயாமல் உரசிக்கொண்டு வரவேண்டாம். அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள். கருகிய மணம் வந்தாலோ மிதி வழமையைவிட ஆழமாகப் போனாலோ அகலமான இடத்தில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் இருங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தானாக ஆறட்டும். ரம்பொடை நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் தேநீர்க் கடைகள் உண்டு. பிள்ளைகளை வாகனங்கள் போகாத பக்கக் கதவால் இறக்குங்கள்.