மூன்று நோய்க்கும் ஒரே மருந்தா? நாற்றங்காலுக்கு டி.என்.ஏ. பரிசோதனை எப்போது தேவை

கேள்வி: தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று வளர்த்து வெளியூர்களுக்கு அனுப்புகிறேன். பாம்பனிலும் மண்டபத்திலும் இரண்டு தங்கும் விடுதிகளின் புல்தரையையும் பராமரிக்கிறேன். மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதிலிருந்து புல்தரையில் ரூபாய் நாணய அளவில் வைக்கோல் நிறத் திட்டுகள் தோன்றி, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. நாற்றங்காலில் வேர் பிடித்துத் துளிர்த்த மல்லிகைக் கன்றுகள் வரிசை வரிசையாக வாடுகின்றன. விடுதி வாசலில் உள்ள ஈழத்தலரி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டியிருக்கிறது. மூன்றுக்கும் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி அடித்தேன், எதுவும் அடங்கவில்லை. புல்லில் இருப்பதுதான் மல்லிகைக்கும் தாவியதா? டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தாவியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் மூன்று இடத்திலும் மூன்று வெவ்வேறு உயிரிகள் இருக்கின்றன. பரிசோதனைக்குச் செலவு செய்ய வேண்டியது அவற்றில் ஒன்றுக்குத்தான். அது மல்லிகை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். எளிதானதை முதலில் முடித்துவிடுவோம்.

ஈழத்தலரியில் இருப்பது துருநோய். கோலியோஸ்போரியம் புளூமேரியே என்ற பூஞ்சை அது. இலையின் அடிப்புறம் முழுவதும் ஆரஞ்சுப் பொடி, மேற்புறம் மஞ்சள் புள்ளிகள் என்றால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. அது ஈழத்தலரி இனத்தை விட்டு மல்லிகைக்கோ புல்லுக்கோ போகாது. மல்லிகைக்கு வரும் துருநோய் யூரோமைசிஸ் ஹாப்சோனி என்ற வேறொரு பூஞ்சையால் வருவது. அருகம்புல்லின் துருநோய்க்குக் காரணம் பக்சீனியா சைனோடான்டிஸ். துருப்பூஞ்சைகளின் மீது கார்பன்டசிமுக்குப் பெரிதாகப் பலமும் கிடையாது. உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரித்துவிட்டு, இலைகள் மேல் தண்ணீர் பீய்ச்சாமல் வேரடியில் மட்டும் பாய்ச்சுங்கள்.

அடுத்தது புல்தரை. நாணய அளவுத் திட்டு, பனிக்காலம், மணற்பாங்கான சத்துக் குறைந்த மண் என்று சொன்னதும் நினைவுக்கு வருவது டாலர் ஸ்பாட் என்ற பூஞ்சை நோய். ஆனால் உங்கள் ஊரில் அதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: தண்ணீரின் உப்பு. கிணற்று நீர் உவராக மாறும்போது புல்லின் நுனி கருகி, தாழ்வான இடங்களில் திட்டுத்திட்டாகக் காயும். அது எந்தப் பூஞ்சையும் இல்லாமலே நடப்பது. தண்ணீரையும் மண்ணையும் ராமநாதபுரத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் காட்டி, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறனை அளந்துகொள்ளுங்கள். மண் சாற்றில் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் இருந்தால் அது உவர் மண். அருகம்புல் அதைத் தாங்கும். மற்ற அலங்காரச் செடிகள் பலவற்றால் முடியாது.

உப்பு இல்லை என்றால், விடியற்காலையில் வெயில் ஏறுமுன் போய்ப் பாருங்கள். திட்டுகளின் மேல் பனியோடு சேர்ந்து வெண்ணிறப் பஞ்சு இழைகள் படர்ந்திருக்கும். சிலந்தி வலையும் அப்படித்தான் தெரியும். ஆனால் வலை புல்லின் மேலே தட்டையாக விரிந்திருக்கும், பூஞ்சை இலைகளுக்கு இடையே இறங்கியிருக்கும். ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்தால், நடுவில் வெளிறி, இரு ஓரமும் செம்பழுப்புக் கோடு கட்டிய காயம் தெரியும். இவ்வளவும் இருந்தால் பெயர் சொல்ல ஆய்வகம் தேவையில்லை.

இந்தப் பூஞ்சையின் கதையில் மூலக்கூறு ஆய்வு என்ன செய்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். 1937-ல் பென்னட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இதற்கு ஸ்கிளிரோட்டினியா ஹோமியோகார்ப்பா என்று பெயர் வைத்தார். அது சரியான பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) அல்ல என்று பல பத்தாண்டுகளாகவே நிபுணர்களுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் ஆய்வகத்தில் இந்தப் பூஞ்சை இனப்பெருக்க உறுப்புகளை எளிதில் காட்டாது. நுண்ணோக்கியில் பார்த்து வகைப்படுத்த வழியில்லாமல் போயிற்று. 2018-ல் பல நாட்டு மாதிரிகளின் மரபணுப் பகுதிகளை வரிசைப்படுத்தி ஒப்பிட்ட பிறகுதான் கிளாரிரீடியா என்ற புதிய பேரினம் உருவாக்கப்பட்டது. ஒன்று என்று எண்ணியிருந்தது நான்கு இனங்களாகப் பிரிந்தது. நமக்குப் பயன்படும் செய்தி இதுதான்: குளிர்நாட்டுப் புற்களைத் தாக்குவது கிளாரிரீடியா ஜாக்சனி, அருகம்புல், கடலோரப் பாஸ்பாலம் போன்ற வெப்பநாட்டுப் புற்களைத் தாக்குவது பெரும்பாலும் கிளாரிரீடியா மான்டித்தியானா. வெளிநாட்டு வழிகாட்டிகளில் உள்ள பரிந்துரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டுப் புல்லை வைத்து எழுதப்பட்டது. அவற்றை அப்படியே பாம்பனில் செய்து பார்க்கும்போது ஏமாற்றம் வருவதில் வியப்பில்லை.

கார்பன்டசிம் ஏன் கேட்கவில்லை? இந்த மருந்து பூஞ்சையின் பீட்டா டியூபுலின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு செல் பிரிவதைத் தடுக்கிறது. அந்தப் புரதத்தின் 198-வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் மருந்து ஒட்டாது. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறினால் போதும், இந்த மாற்றம் வந்துவிடும். டாலர் ஸ்பாட் பூஞ்சையிலும் இது கண்டறியப்பட்டிருக்கிறது. இப்படி மாறிய பூஞ்சைக்கு மருந்தின் அளவைக் கூட்டுவதால் பயன் இல்லை. நீங்கள் அடிக்க அடிக்க, மாறாத பூஞ்சை செத்து, மாறியது மட்டும் மிஞ்சும். ஆகவே கார்பன்டசிமையும், அதே குழுவைச் சேர்ந்த தயோபனேட் மெத்திலையும் புல்தரையில் நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பதில் என்ன? முதல் வேலை பனியை உதறுவது. காலையில் நீண்ட கயிற்றையோ ரப்பர் குழாயையோ இருவர் பிடித்துப் புல்தரையின் மேல் இழுத்துச் சென்றால் போதும். இலை நனைந்திருக்கும் நேரம் குறையக் குறைய இந்த நோய் தளரும். மாலையில் நீர் பாய்ச்சுவதை விட்டுவிட்டு அதிகாலைக்கு மாற்றுங்கள். தழைச்சத்து குறைந்த புல்லில்தான் இது மிகுதியாக வரும் என்பதால் சிறு சிறு அளவாக யூரியா கொடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அடங்காவிட்டால் ப்ரோபிகோனசோல் போன்ற வேறு குழு மருந்தை ஒருமுறை அடிக்கலாம். தொடர்ந்து அதையே அடித்தால் அதற்கும் இதே கதிதான். குளோரோதலோனில் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கடலோரத்தில் நான் பரிந்துரைப்பதில்லை. அது மீன்களுக்குக் கொடிய நஞ்சு. உங்கள் புல்தரையிலிருந்து வழிவது எங்கே போகும் என்பது உங்களுக்கே தெரியும். மன்னார் வளைகுடாவின் கரையில் நின்றுகொண்டு இந்த விஷயத்தில் அலட்சியமாக இருக்கக் கூடாது.

இனி மல்லிகை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான். தங்கச்சிமடம், பாம்பன் பகுதி நாற்றுகள் தமிழகம் முழுவதும் போகின்றன. வாடிய கன்று உங்கள் நாற்றங்காலோடு நின்றுவிடும். ஆனால் வாடாத கன்றின் வேரடி மண்ணில் அதே நோய் ஒட்டிக்கொண்டு இன்னொருவர் தோட்டத்துக்குப் போய்விடும்.

முதலில் உங்கள் கையாலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பாதி வாடிய கன்றைப் பிடுங்கி, வேரைக் கழுவி, தண்டின் அடிப்பகுதியைக் கத்தியால் நெடுக்கில் பிளந்து பாருங்கள். தண்டடியில் வெண்ணிற இழைகளும் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் இருந்தால் அது ஸ்கிளிரோசியம் ரோல்ஃப்சி என்ற பூஞ்சை, பரிசோதனை தேவையில்லை. அதையும் கார்பன்டசிம் அடக்காது. மரப்பகுதியில் பழுப்புக் கோடு ஓடினால் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையின் வாடலாக இருக்கலாம். பட்டை நார்நாராகக் கிழிந்து, உள்ளே கரித்தூள் தூவியது போல இருந்தால் மேக்ரோஃபோமினா என்ற பூஞ்சை. வேர்களில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அது போட்ட காயத்தின் வழியாகப் பூஞ்சை நுழைவதும் உண்டு. கனகாம்பரத்தின் வாடல் நோயில் நூற்புழுவும் ஃபியூசேரியமும் இப்படிக் கூட்டுச் சேர்வது தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்டது.

வேரின் தோல் வழுக்கிக்கொண்டு உரிந்து வந்து, உள்நரம்பு மட்டும் நூல் போல மிஞ்சினால் பித்தியமாக இருக்கலாம். பித்தியம் பூஞ்சை போலத் தோன்றினாலும் பூஞ்சை அல்ல. உங்கள் கடற்கரையில் பெண்கள் சேகரிக்கும் கட்டக்கோரை போன்ற பழுப்புக் கடற்பாசிகளுக்குத்தான் அது உறவு. டி.என்.ஏ. ஒப்பீடுதான் இந்த உறவை ஐயமின்றி நிறுவியது. அதனால்தான் பூஞ்சைக்கென்று செய்த மருந்துகளில் பல அதன்மீது வேலை செய்வதில்லை. கார்பன்டசிம் அறவே செய்யாது. மெட்டலாக்சில் அடங்கிய மருந்துதான் கேட்கும். 2024 நவம்பரில் ராமேசுவரம் தீவில் கொட்டியது போன்ற பெருமழைக்குப் பின் பைகளில் நீர் தேங்கியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பார்த்தும் பிடிபடவில்லை என்றாலோ, பழுப்புக் கோடு தெரிந்தாலோ டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்புங்கள். அப்போது ஆய்வகத்திடம் என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கமாகச் செய்வது ஐ.டி.எஸ். என்ற பகுதியைப் படிப்பது. 2012-ல் பூஞ்சைகளுக்கான பொது அடையாளப் பகுதியாக இது முன்மொழியப்பட்டது. பேரினம் எது என்று நன்றாகச் சொல்லும். ஆனால் ஃபியூசேரியத்துக்குள் எந்த இனம் என்று பிரிக்க இது போதாது, டி.இ.எஃப்.-1 என்ற மரபணுவையும் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இன்னொன்று: மண்ணில் தீங்கற்ற ஃபியூசேரியங்கள் ஏராளம். செத்த வேரில் முதலில் குடியேறுவதும் அவைதான். "99 சதவீதம் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம்" என்று அறிக்கை வந்தால், அந்த வேரில் அது இருந்தது என்றுதான் பொருள். அதுதான் செடியைக் கொன்றது என்று அர்த்தமில்லை. பிரித்தெடுத்த பூஞ்சையை நல்ல கன்றில் செலுத்தி, அதே வாடல் வந்து, அதே பூஞ்சை திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில வாரங்கள் கூடுதலாகும், காத்திருப்பது நல்லது.

இந்தச் சிரமம் வீணா என்று நினைக்க வேண்டாம். 2016-ல் வங்கதேசத்தில் சுமார் 15,000 ஹெக்டேர் கோதுமையில் குலைநோய் வெடித்தது. நெல்லிலும் கேழ்வரகிலும் குலைநோய் தரும் அதே பூஞ்சை இனம்தான். ஆனால் கோதுமைக்கு வரும் பிரிவு ஆசியாவில் அதுவரை கிடையாது. உள்ளூர் வயலிலிருந்தோ புல்லிலிருந்தோ தாவியதா என்ற கேள்வி எழுந்தது. வயல் மாதிரிகளின் மரபணு வரிசையைச் சில வாரங்களிலேயே படித்து வெளியிட்டதில், அது தென் அமெரிக்கக் கோதுமையைத் தாக்கும் பிரிவு என்று தெரிந்தது. பக்கத்துப் புல்லைக் குறை சொல்வதா, கடல் கடந்து வந்த தானியத்தைக் கவனிப்பதா என்பதை டி.என்.ஏ. தீர்த்துவைத்தது. உங்கள் மல்லிகைக்கும் இதே கேள்விதான்: நோய் உங்கள் மண்ணிலிருந்து வந்ததா, வாங்கிய செம்மண்ணிலும் தொழு உரத்திலும் வந்ததா, தாய்ச்செடியின் குச்சியிலேயே வந்ததா? மூன்றிலிருந்தும் தனித்தனி மாதிரி அனுப்பினால்தான் விடை கிடைக்கும்.

முடிவு வரும்வரை வாடும் வரிசையிலிருந்து கன்று விற்பதை நிறுத்துங்கள். அந்தப் பைகளின் மண்ணைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். கன்றுகளின் அடியில் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து ஊற்றலாம். வரும் சித்திரை, வைகாசி வெயிலில் புதிய மண்கலவையை நனைத்து, நிறமற்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி நான்கு முதல் ஆறு வாரம் வையுங்கள். உங்கள் ஊர் வெயில் இதற்கென்றே அமைந்தது. அதன் பிறகு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழு உரம் சேருங்கள். காப்பர் ஊற்றிய கையோடு அதைப் போட்டால் வீணாகிவிடும்.

மாதிரியை முதலில் ராமநாதபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். அங்கிருந்து கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கு வழிகாட்டுவார்கள். புனேயில் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ள தேசியப் பூஞ்சை சேகரிப்பு மையமும் கட்டணம் பெற்றுக்கொண்டு பூஞ்சைகளை அடையாளம் கண்டு சொல்கிறது. முற்றிலும் செத்த கன்றை அனுப்பாதீர்கள். அதில் அழுகல் பூஞ்சைகள்தான் கிடைக்கும். பாதி வாடிய நான்கைந்து கன்றுகளை வேரடி மண்ணோடும், அதே வயதுள்ள நல்ல கன்று இரண்டைத் தனியாகவும் எடுங்கள். மருந்து அடித்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். வேர்ப்பகுதியைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டினால் வழியிலேயே அழுகிவிடும். திங்கட்கிழமை அனுப்பினால் ஞாயிறன்று கூரியர் அலுவலகத்தில் தங்காது. உள்ளே ஒரு தாளில் குச்சி நட்ட தேதி, வாடல் தொடங்கிய நாள், அடித்த மருந்துகள், தண்ணீரின் உப்பளவு, மண்ணும் தாய்ச்செடியும் எங்கிருந்து வந்தவை என்பதை எழுதி, "ஐ.டி.எஸ். பகுதியோடு டி.இ.எஃப்.-1 மரபணுவும், கார்பன்டசிம் எதிர்ப்புக்கான பீட்டா டியூபுலினின் 198-வது இடமும் பார்க்க வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள்.