கூரைமேல் முகங்கள்: சுவரோவியமும் போட்டோவும், மும்பையிலிருந்து கேள்வி பதில்

தாராவியில் பல வருடங்களாகச் சுவரோவியம் வரைபவர்களோடு சேர்ந்து போட்டோ எடுத்துவருகிறேன். இந்த வாரம் நம் ஆட்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, யாரும் ஏறிப் பார்க்க முடியாத இடத்தில் எதற்கு வரைய வேண்டும்? (செம்பூர்)

போட்டோவில் பார்ப்பார்கள் என்பதுதான் வழக்கமான பதில். அதுவும் உண்மைதான். போட்டோகிராபர் மார்த்தா கூப்பர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் மணிக்கணக்காகக் காத்திருந்து, ஓவியம் தீட்டிய ரயில்களைப் படம் பிடித்தார். 1989-க்குள் அந்த ரயில்களை எல்லாம் துடைத்துவிட்டார்கள். இன்று அவை அவர் எடுத்ததைப் போன்ற படங்களில் மட்டும்தான் இருக்கின்றன.

ஆனால் போட்டோ பிறகு வந்து சேரும் சாட்சியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. 2009-இல் பிரெஞ்சுக் கலைஞர் ஜேஆர், கென்யாவின் கிபேரா குடிசைப் பகுதியில் அங்குள்ள பெண்களின் முகங்களைப் படமெடுத்து, சுமார் 2,000 சதுர மீட்டர் கூரையில் ஒட்டினார். ஊடே ஓடும் ரயில் பெட்டிகளில் கண்களை ஒட்டிவிட்டு, கீழே சரிவில் வைத்த தகரங்களில் முகத்தின் கீழ்ப்பாதியை ஒட்டினார். ரயில் கடக்கும் ஓரிரு விநாடிதான் கண்ணும் வாயும் சேர்ந்து முழு முகமாகும். அந்த நொடியைப் பிடித்து வைக்க காமிராவால்தான் முடியும். அதாவது ஒட்டுவதற்கு முன்பே, எங்கே நின்று எடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறு ஒன்று. கூரைக்குக் காகிதம் வேண்டாம், தண்ணீர் இறங்காத வினைல் என்ற பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டார்கள். மழையில் வீடு ஒழுகாமல் அந்த முகங்களே காத்தன. ஜூன் வந்தால் தகரத்துக்கு மேல் நீலத் தார்ப்பாய் விரிக்கும் நமக்கு அதன் அருமை தெரியும்.

பெரிய போட்டோவை ஒட்ட எந்தப் பசை நல்லது? (சயான் கோலிவாடா)

ஊரில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் காய்ச்சும் அதே மைதா பசைதான். ஒரு பங்கு மைதாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஐந்து பங்கு தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். பளபளப்பு வந்தால் இறக்கிவிடலாம். பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள். காகிதம் மெல்லியதாக இருக்கட்டும். தடித்த காகிதம் சுவரின் மேடுபள்ளத்தோடு ஒட்டாது.

காலமும் முக்கியம். ஒரு முறை மே கடைசியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒரு பாட்டியின் முகத்தை ஒட்டினேன். முதல் மழையிலேயே பட்டை பட்டையாக உரிந்துவிட்டது. "என்னைக் கரைய விட்டுட்டியேப்பா" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. நவம்பரில் அதே முகத்தை மறுபடி ஒட்டிக் கொடுத்தேன். அதிலிருந்து மழைக்கு முன் காகிதத்தைத் தொடுவதில்லை.

மூடிக் கிடக்கும் மில், தண்டவாள ஓரச் சுவர், இங்கெல்லாம் போகலாமா சார்? (அந்தேரி)

அனுமதி இல்லாமல் வேண்டாம். ரயில்வே இடத்தில் அத்துமீறினால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. அதைவிட எனக்குப் பயம், உளுத்த மரத் தளங்களும் இருட்டில் தெரியாத குழிகளும்தான்.

கேட்டு வாங்கவும் முடியும். 1875-இல் கட்டிய மீன்பிடித் துறையான சசூன் டாக், மீன் வேலை இல்லாத மும்பைக்காரர்கள் சாதாரணமாக எட்டிப் பார்க்காத இடம். 2017-இல் தெருக்கலையை வளர்க்கும் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு அங்கே கண்காட்சி வைத்தபோது, அங்கே உழைக்கும் கோலி மீனவ மக்களின் முகங்களையே பெரிதாக அச்சிட்டு வெளிச்சுவர்களில் ஒட்டினார்கள். ஊர் உள்ளே வந்தது.

நண்பன் வரைந்ததை நான் போட்டோ எடுத்து விற்கலாமா?

அவரைக் கேட்காமல் கூடாது. பொது இடத்துச் சிலையைப் படமெடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் தருகிறது, ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாலத்துக்கு அடியில் இருட்டாக இருக்கிறது, பிளாஷ் போடலாமா?

வேண்டாம் தம்பி, எனாமல் பெயிண்ட் பளீரென்று எதிரொளிக்கும். காமிராவை ட்ரைபாடில் வைத்து ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று அமைத்து, ஷட்டரை இருபது விநாடி திறந்து வையுங்கள். அந்த நேரம் முழுக்க ஓவியர் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து சுவர் மேல் தடவியபடி நடக்கட்டும். செங்கல்லின் சொரசொரப்பு வரை தெரியும்.

எங்கள் சாலில் (வரிசைக் குடியிருப்பில்) அக்காக்கள் முகம் காட்டத் தயங்குகிறார்கள். என்ன செய்வது? (தாராவி)

வற்புறுத்தாதீர்கள். முகம் அவர்களுடையது, சுவர் அதற்கு அப்புறம்தான். முதலில் சின்னப் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். வீட்டில் நாலு பேரிடம் காட்டிவிட்டுச் சொல்லட்டும். விடிகாலையில் இட்லி அவித்து விற்கும் ஓர் அக்கா முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாவு படிந்த வலது கையை நீட்டினார். ஆறடி உயரத்துக்கு அந்தக் கையை ஒட்டினோம். வெந்த தழும்பு, தேய்ந்த ரேகை எல்லாம் தெரிகிறது. இப்போது அவர் அந்தச் சுவருக்குக் கீழேதான் கூடையை இறக்கி வைக்கிறார்.