பாஸ்பரஸ்: எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது?

கேள்வி: என் கணவருக்கு 58 வயது, நீண்டகாலச் சர்க்கரை நோயாளி. சிறுநீரகத்தின் செயல்பாடு குறைந்துவிட்டது என்று சென்ற ஆண்டு கூறினார்கள். டயாலிசிஸ் இன்னும் தேவைப்படவில்லை. இம்முறை இரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் 5.6 என்று வந்ததால், உணவில் அதைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உறவினர் எழுதிக் கொடுத்த பட்டியலைப் பார்த்து, பருப்பு, முட்டை, பால், மீன், கேழ்வரகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இளைத்துவிட்டார். மாலையில் பசிக்கிறது என்பதால் பிஸ்கட்டும், சில நாள் பாக்கெட் நூடுல்ஸும் கொடுக்கிறேன். நான் செய்வது சரிதானா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: தாங்கள் நிறுத்தியவற்றில் சிலவற்றைத் திரும்பக் கொடுக்கலாம், கொடுத்துக்கொண்டிருப்பவற்றில் சிலவற்றை இன்றே நிறுத்த வேண்டும். இதைத் தங்கள் மீது குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பட்டியல் போன்ற பட்டியல்களைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். உணவில் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்பதை மட்டும் அவை கூறுகின்றன. அதில் எவ்வளவு இரத்தத்தில் போய்ச் சேருகிறது என்பதைக் கூறுவதில்லை.

பாஸ்பரஸ் இல்லாமல் உடல் இயங்காது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 700 கிராம் பாஸ்பரஸ் உண்டு. அதில் 85 விழுக்காடு கால்சியத்தோடு சேர்ந்து எலும்பாகவும் பல்லாகவும் இருக்கிறது. உணவின் வழியே மிகுதியாக வருவதைச் சிறுநீரகம் அன்றன்றைக்கே வெளியேற்றிவிடும் என்பதால், நலமாக இருப்பவர்கள் இதைப் பற்றி எண்ணவே வேண்டியதில்லை. சிறுநீரகம் தளரும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) இரத்தத்தில் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டிய அளவு அதற்கு மேல் ஏறும்போது, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் தூண்டப்பட்டு எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கத் தொடங்குகின்றன. எலும்பு வலுவிழக்கிறது, இரத்தக் குழாய்ச் சுவர்களிலோ, பழைய தண்ணீர்க் குழாயில் படிவது போலச் சுண்ணாம்பு படிகிறது. உடல் முழுவதும் அரிப்பும் வரலாம்.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். பருப்பிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி ஃபைட்டேட் என்னும் வடிவில் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் நொதி மனிதக் குடலில் இல்லாததால், பாதிக்கும் குறைவாகவே உள்ளே சேர்கிறது. (மாவு புளிக்கும்போது நுண்ணுயிர்கள் இப்பூட்டைச் சிறிது திறந்துவிடுகின்றன, ஆயினும் அதற்காக இட்லியை விட வேண்டியதில்லை.) ஒருவருக்கு ஒரு வேளைச் சாம்பாருக்கு 30 கிராம் பருப்பு என்று கொண்டால், அதில் இருப்பது சுமார் 90 மில்லிகிராம், உடலில் சேர்வது 40 அளவுதான். முட்டையில் பாஸ்பரஸ் ஏறக்குறைய முழுவதும் மஞ்சள் கருவில் இருக்கிறது. வெள்ளைக் கருவில் மிகச் சொற்பமே. ஆனால் நல்ல புரதம் மூன்று கிராமுக்கு மேல் கிடைக்கிறது. ஆகவே வெள்ளைக் கருவைத் தயங்காமல் திரும்பக் கொடுங்கள். பால் நாளுக்கு ஒரு சிறு தம்ளர் போதும். சுண்டக் காய்ச்சிய பாலும் ஐஸ்கிரீமும் சேரும் ஜிகர்தண்டாவை அவர் தவிர்த்தே ஆக வேண்டும். பருத்திப்பாலைப் பொறுத்தவரை, பாஸ்பரஸைவிட அதிலுள்ள வெல்லமே அவருக்கு முதல் தடை.

பாக்கெட் உணவுகளின் நிலைமை வேறு. பதப்படுத்தவும் மென்மையாக்கவும் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளுக்குப் பூட்டே கிடையாது. அவற்றில் 90 விழுக்காடு அல்லது அதற்கு மேலும் இரத்தத்தில் கலந்துவிடும். அதில் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று உறையின் சத்து அட்டவணையில் பெரும்பாலும் அச்சிடுவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். ஆனால் ஒரு வழி உண்டு. நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலின் கடைசி வரிகளை வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்து கடுகளவுதான் இருக்கும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எண்ணைப் படிக்க முடியும். 338 முதல் 343 வரை, 450, 451, 452 ஆகிய எண்களில் எது இருந்தாலும் அது பாஸ்பேட் சேர்த்த பொருள். நூடுல்ஸ், சீஸ், உறைய வைத்த கோழித் துண்டுகள், உடனடி கேக் மாவு ஆகியவற்றில் இவ்வெண்கள் அடிக்கடி தென்படும். பிஸ்கட்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். மாலைப் பசிக்கு இரண்டு இட்லியோ அவலோ கொடுக்கலாம்.

இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இளைத்தது பாஸ்பரஸ் கூடியதைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறது. அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் இந்த எடைக் குறைவை மருத்துவரிடம் தெரிவியுங்கள். அவருக்குப் பொட்டாசியமும் கூடியிருந்தால், பருப்பின் அளவை மருத்துவரும் உணவு ஆலோசகரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் அம்மாவுக்குத் தெம்புக்காக ஆட்டு எலும்பு சூப் கொடுக்கிறோம். கறி வேண்டாம், சாறு மட்டும் போதும் என்று கொடுப்பது சரியா?
– வாசகர், செல்லூர்

பதில்: இதை நேர்மாறாகச் செய்ய வேண்டும், ஐயா. கறியை நிறைய நீரில் வேகவைக்கும்போது, அதிலுள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதியும் பொட்டாசியத்தில் கணிசமான பங்கும் நீரில் இறங்கிவிடுகின்றன; புரதத்தின் பெரும்பகுதி கறியிலேயே நின்றுவிடுகிறது. அந்த நீருக்குத்தான் நாம் சூப் என்று பெயர் வைத்து, மிளகும் உப்பும் சேர்த்து, நோயாளியின் கையில் கொடுக்கிறோம். எலும்பிலுள்ள கால்சியம் பாஸ்பேட் வெறும் நீரில் எளிதில் கரையாது என்பதால், எலும்புக்கு வலு வரும் என்ற நம்பிக்கையும் அதில் நிறைவேறுவதில்லை. விளக்குத்தூண் பக்கம் மாலையில் சூப் மணக்கும்போது இதைச் சொல்வது எளிதன்று என்பதை மதுரைக்காரனாக நானும் அறிவேன். ஆயினும் தங்கள் தாயாருக்குச் சிறு துண்டுகளாக நறுக்கிய கறியை வேகவைத்து, நீரை வடித்துவிட்டு, அதன்பின் மசாலா சேர்த்து வதக்கிக் கொடுங்கள். டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதத் தேவை கூடுகிறது. எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். கறியை ஒதுக்கிச் சாற்றைக் கொடுத்தால் அது கிடைக்காது.

கேள்வி: தினமும் கோலா குடிக்கும் என் மகனின் எலும்பு கரைந்துவிடும் என்கிறார்களே?
– வாசகி, மேலூர்

பதில்: கரையாது. கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் உண்டு. ஆனால் ஒரு தம்ளர் கோலாவில் வரும் பாஸ்பரஸ், ஒரு தம்ளர் பாலில் இருப்பதைவிடக் குறைவே. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஆய்வில், 2006-இல் வெளியான முடிவின்படி, கோலாவை அதிகம் குடித்த பெண்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. பாலும் மோரும் இருக்க வேண்டிய இடத்தைக் கோலா பிடித்துக்கொள்வதையும், அதிலுள்ள சர்க்கரையையும் எண்ணித்தான் நான் அதை வேண்டாம் என்பேன்.

கேள்வி: பாஸ்பரஸ் குறைவு என்று ஒன்று உண்டா? அதற்கு டானிக் தேவையா?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: அரிதாக உண்டு. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென நிறைய உண்போருக்கும், கடும் மதுப்பழக்கம் உடையோருக்கும், அலுமினியம் கலந்த அமில நீக்கியை மாதக்கணக்கில் விழுங்குவோருக்கும் வரலாம். சோறும் பருப்பும் உண்பவருக்கு டானிக் தேவையில்லை.

கேள்வி: டயாலிசிஸில் இருக்கிறேன். பாஸ்பரஸுக்கு மாத்திரை தந்திருக்கிறார்கள். தவறாமல் இரவு படுக்கும் முன் போடுகிறேன். அளவு குறையவே இல்லை. மாத்திரையை விட்டுவிடலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: விட்டுவிடாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். கால்சியம் அசிடேட், செவலமர் போன்ற மாத்திரைகள் குடலில் உணவோடு கலந்து, அதிலுள்ள பாஸ்பேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுபவை. வெறும் வயிற்றில் அவற்றுக்குப் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. நாளுக்கு 1 கிராம் பாஸ்பரஸ் உண்பதாகக் கொண்டால் வாரத்துக்கு 7 கிராம். அதில் 4 கிராம் போல உடலில் சேர்கிறது. ஒரு முறை டயாலிசிஸ் செய்தால் வெளியேறுவது 1 கிராமுக்கும் குறைவு. மூன்று முறை சென்றாலும் மிச்சம் தங்குகிறது. இரண்டு முறை மட்டும் செல்வோருக்கு அது இன்னும் கூடும். அந்த மிச்சத்துக்காகத்தான் மாத்திரை. எந்த வேளைக்கு எத்தனை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, முதல் சில கவளங்களோடு விழுங்குங்கள். கறியோ மீனோ உண்ணும் வேளையில் அதை மறக்கவே கூடாது. திருமண வீட்டுக்குச் செல்லும்போது சட்டைப்பையில் ஒரு பட்டை இருக்கட்டும். இலை போடும்போதே அதைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.