ஜப்பானியப் புத்தக் கோயிலில் குழந்தைகளுக்கு என்ன சொல்லித்தருகிறார்கள்? நாங்களும் போகலாமா?

கேள்வி: சான் ஹோசே பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் தமிழ்க் குடும்பம் நாங்கள். ஜப்பான் டவுனில் இருக்கும் புத்தக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கு வகுப்பு நடக்கிறதாம். புத்த சமயத்தையும் ஜப்பானிய மரபையும் அங்கே எப்படிச் சொல்லித்தருகிறார்கள்? ஜப்பானியர் அல்லாதவர்கள் போகலாமா?

பதில்:

தாராளமாகப் போகலாம். ஆனால் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு, வகுப்பு முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. இந்தக் கோயில்களில் பாடம் பிள்ளைக்கு மட்டும் இல்லை, அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான். பல நேரம் அப்பா அம்மாவுக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கும்பகோணத்துக்காரி, என் கணவர் வீட்டார் நாலு தலைமுறையாக அமெரிக்காவில் இருக்கும் ஜப்பானியக் குடும்பம். மாமியார் வருடக்கணக்காகக் கோயிலில் தர்மப் பள்ளி டீச்சர். நீங்கள் கேட்ட ஞாயிறு வகுப்புக்குத்தான் அந்தப் பெயர். மகள் வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து நானும் சின்னப் பிள்ளைகள் வகுப்பில் அவருக்குக் கூடமாட ஒத்தாசை செய்கிறேன்.

கோயிலின் கதை கொஞ்சம் தெரிந்தால்தான் மற்றது புரியும். அமெரிக்க மேற்குக் கரையின் பழைய ஜப்பானியப் புத்தக் கோயில்களில் பெரும்பாலானவை ஜோடோ ஷின்ஷு பிரிவைச் சேர்ந்தவை. இது ஷின்ரான் (1173-1263) காட்டிய வழி. அவர் துறவியாக இருந்து, பிறகு கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகுட்டியோடு வாழ்ந்தவர். காட்டுக்குப் போய்த் தவம் செய்ய முடியாத உழவனுக்கும் மீனவனுக்கும் அமிதாப புத்தரின் கருணை உண்டு என்று சொன்னவர். அதனால் இங்கே சென்சேக்கள் (குருக்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) மனைவி மக்களோடு வாழ்கிறவர்கள், குடும்பம் குடும்பமாக வருவதுதான் இங்கே இயல்பு. தியான வகுப்பை எதிர்பார்த்து வருகிறவர்கள் சிலர் ஏமாந்து போவதுண்டு. கண்ணை மூடி உட்காருவது இங்கே முதன்மையான விஷயம் இல்லை. "நமோ அமிதா புட்சு" (அமிதாப புத்தரே சரணம்) என்று நன்றியோடு சொல்வதுதான் முக்கியம்.

1899இல் கியோட்டோவின் நிஷி ஹோங்வான்ஜி தலைமைக் கோயிலிலிருந்து இரண்டு குருமார்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தார்கள். சான் ஹோசே கோயில் 1902இல் தொடங்கியது, இப்போது நீங்கள் பார்க்கும் கட்டடம் 1937இல் எழும்பியது. சாந்தா கிளாரா பள்ளத்தாக்கின் பழத்தோட்டங்களிலும் வயல்களிலும் கூலிவேலை பார்த்தவர்களுக்கு இதுதான் ஊர், உறவு எல்லாம். அப்புறம் 1942 வந்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். புத்த குருமார்கள் பலரை அதற்கு முன்பே கைது செய்துவிட்டார்கள். பயத்தில் ஜப்பானிய எழுத்து இருந்த புத்தகங்களை வீட்டுக்கொல்லையில் போட்டு எரித்த குடும்பங்கள் உண்டு. முகாமில் கிடைத்த பலகைத் துண்டுகளை வைத்துப் பீடம் செய்து கும்பிட்டார்கள். 1944இல் யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமில் இருந்தபடியேதான் இந்தக் கோயில்களின் கூட்டமைப்பு தன் பெயரை 'புத்திஸ்ட் சர்ச்சஸ் ஆஃப் அமெரிக்கா' என்று மாற்றிக்கொண்டது. வாசல் பலகையில் 'சர்ச்' என்று பார்த்துக் குழம்பாதீர்கள். உள்ளே போனால் பல கோயில்களில் சர்ச்சில் இருப்பது போல வரிசையாக பெஞ்சும், பாட்டுக்கு ஆர்கனோ பியானோவோ இருக்கும்.

முகாமிலிருந்து வெளியே வந்தவர்கள் தங்கள் பிள்ளைகள் முழு அமெரிக்கர்களாக வளரட்டும், இனி யாரும் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டாம் என்று வீட்டில் ஜப்பானிய மொழி பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். என் மாமியார் அந்தப் பிள்ளைகளில் ஒருவர். அவருக்கு ஜப்பானிய மொழி வராது. ஆனால் ஜுசெய்கே என்ற ஓதும் பாடலை ஆங்கில எழுத்தில் பார்த்து, தாளம் தப்பாமல் ஓதுவார். அதாவது, சொல்லித்தரும் தலைமுறையே தேடிப்பிடித்துக் கற்றுக்கொண்ட தலைமுறைதான். அந்தத் தேடலில்தான் 1969இல் லாஸ் ஏஞ்சலஸ் சென்ஷின் கோயிலில் கின்னரா டைகோ என்ற முரசுக் குழு பிறந்தது, 1973இல் நம் ஜப்பான் டவுனிலேயே சான் ஹோசே டைகோ பிறந்தது. ஜப்பானில் ஒரு குழந்தைக்கு ஜப்பானிய மரபைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, தெருவும் பள்ளிக்கூடமும் சொல்லித்தந்துவிடும். இங்கே அந்தச் சுமை முழுக்கக் கோயில் தலையில்தான்.

சரி, ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும்? மணி அடிக்கும், எல்லோரும் உள்ளே உட்காருவோம். ஓதுதல், ஒன்றிரண்டு பாட்டு, அப்புறம் சென்சே பிள்ளைகளைப் பார்த்துச் சின்னதாக ஒரு பேச்சு. பிறகு பிள்ளைகள் வயதுவாரியாக வகுப்புகளுக்குப் போவார்கள், பெரியவர்கள் மண்டபத்தில் இருந்து உரை கேட்பார்கள். சின்ன வகுப்பில் பெரும்பாலும் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள்தான். கங்கைக்கரை மாமரத்தில் தன் கூட்டத்தை அரசனின் வில்லாளிகள் வளைத்துக்கொண்டபோது, தன் உடம்பையே பாலமாக நீட்டி எல்லாக் குரங்குகளையும் அக்கரை சேர்த்த குரங்கரசன் கதையைச் சொன்னால், ஐந்து வயதுப் பிள்ளைகள் முதலில் கேட்பது "முதுகு வலிச்சிருக்குமே?" என்றுதான். மாமியார் உடனே கதையை நிறுத்திவிட்டு, உனக்காக யார் முதுகு வலிக்க வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்பார். ஒரு பையன் அவன் பள்ளியின் துப்புரவுத் தொழிலாளியைச் சொன்னான். வீட்டுக்குப் போகும் வழியில் அதே கேள்வியைக் காரில் கேளுங்கள் என்று பெற்றோரிடமும் சொல்லி அனுப்புவார். என்னைக் கேட்டால் வகுப்பின் பாதி வேலை அந்தக் காரில்தான் நடக்கிறது.

கையால் செய்து கற்பதுதான் இங்கே அதிகம். ஊதுபத்தி ஏற்றுவதில்லை, துகளாக இருக்கும் வாசனைத் தூளைக் கங்கில் இடுவார்கள். அதற்கு ஓஷோகோ என்று பெயர். இடது கையில் நென்ஜு மணிமாலை, மேடைக்குச் சில அடி முன்னால் நின்று லேசாகத் தலைவணக்கம், முன்னே போய் வலது கை விரல்களால் ஒரு சிட்டிகை எடுத்துக் கங்கில் போட்டு, கைகூப்பி, நமோ அமிதா புட்சு சொல்லிப் பின்வாங்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான், நெற்றிக்கு உயர்த்துவதும் இல்லை. ஜோடோ ஷின்ஷுவின் இன்னொரு கிளையான ஹிகாஷியில் இரண்டு தடவை போடுவார்கள், வேறு பிரிவுகளில் வேறு வழக்கம். பிள்ளைக்குக் கை எட்டாவிட்டால் அப்பா தூக்கிப் பிடிப்பார். அப்பாவுக்கு வரிசை தெரியாவிட்டால் பின்னால் நிற்கும் பாட்டி மெதுவாகச் சொல்லுவார். யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஏப்ரலில் ஹனமட்சுரி, புத்தர் பிறந்தநாள். ஜப்பானில் ஏப்ரல் 8, இங்கே பக்கத்து ஞாயிறாகப் பார்த்து வைத்துக்கொள்வார்கள். நம் ஊர் வைகாசிப் பௌர்ணமிக் கணக்கு இல்லை. குட்டி மண்டபம் ஒன்றைப் பிள்ளைகள் பூவால் மூடுவார்கள். அதற்குள்ளே ஒரு கை வானத்தையும் ஒரு கை பூமியையும் காட்டி நிற்கும் குழந்தை புத்தர். வரிசையாகப் போய்ச் சின்னக் கரண்டியால் அவர் தலையில் இனிப்புத் தேநீர் ஊற்றுவார்கள். லும்பினித் தோட்டத்தில் அவர் பிறந்தபோது இனிப்பு மழை பெய்தது என்ற கதைக்காக. அமாச்சா என்ற அந்தத் தேநீர் ஒரு ஹைட்ரேஞ்சியா வகைச் செடியின் இலையில் போடுவது, சர்க்கரை சேர்க்காமலே இனிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜூலை மாதத்து ஓபோன். நம் ஆடி அமாவாசை மாதிரிதானே என்று என் அம்மா போனில் கேட்டார். இறந்தவரை நினைப்பது ஒன்றுதான், ஆனால் இந்தப் பிரிவில் முன்னோர் ஆவியாக வந்து படையலை வாங்கிக்கொள்கிறார்கள் என்ற நம்பிக்கை கிடையாது. கதை இது: புத்தரின் சீடர் மொக்கல்லானர், ஜப்பானியரின் வாயில் மொகுரென், செத்துப்போன தன் தாய் பசிப்பேய் உலகில் தவிப்பதைக் கண்டார். சோறு கொடுத்தார், அது வாய்க்குப் போகுமுன் நெருப்பாகிவிட்டது. மழைக்கால முடிவில் சங்கத்தாருக்குத் தானம் கொடு என்றார் புத்தர். கொடுத்ததும் தாய் விடுபட, மகிழ்ச்சியில் மொக்கல்லானர் ஆடினாராம். வகுப்பில் இதைச் சொல்லும்போது நான் மணிமேகலையின் காயசண்டிகையைச் சேர்த்துக்கொள்வேன். யானைத்தீ என்னும் தீராப்பசியில் தவித்தவளுக்கு மணிமேகலை அமுதசுரபியிலிருந்து சோறிட்டுப் பசி தீர்த்த கதை. தமிழிலும் ஒரு புத்த காப்பியம் இருக்கிறது என்றதும் மாமியார் என்னை இன்னொரு நாள் முழுக் கதையும் சொல்லவைத்தார்.

ஓபோனுக்குப் பல வாரம் முன்பே ஆட்டப் பயிற்சி ஆரம்பிக்கும். 1930களில் யோஷியோ இவானாகா என்ற குரு மேற்குக் கரைக் கோயில் கோயிலாகப் போய் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார், அப்படித்தான் இது இங்கே வேர் பிடித்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஆட்டம் ஒன்று உண்டு. தோண்டு, தோண்டு, தோளுக்கு மேல் வீசு, திரும்பிப் பார், வண்டியைத் தள்ளு, கை தட்டு. மூன்று வயதுப் பிள்ளைக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் அதே அடவு. விழா நாளில் ஐந்தாம் தெருவில் நூற்றுக்கணக்கானோர் ஆடுவார்கள்.

ஒருவர் இறந்த பிறகு வரும் முதல் ஓபோனுக்கு ஹாட்சுபோன் என்று பெயர். என் மாமனார் போன பிறகு வந்த ஹாட்சுபோனில், தாத்தா இன்றைக்கு வருவாரா என்று மகள் சென்சேயிடம் கேட்டாள். எனக்கு அடிவயிறு கலங்கியது. சென்சே, வருவார் என்றும் சொல்லவில்லை, வரமாட்டார் என்றும் சொல்லவில்லை. தாத்தா உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டார். கையை நனைத்து உப்புத் தொட்டுக்கொண்டு ஓனிகிரி என்ற சோற்று உருண்டை பிடிக்க என்றாள். சரி, இன்று அதற்கு நன்றி சொல்லி ஆடலாம் வா என்று அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அதற்கு முன்பு, சாவைப் பற்றி அவள் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது வீட்டில் அதைப் பேச எங்களுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது.

டிசம்பர் கடைசியில் மோச்சி இடிப்பு. பசையுள்ள அரிசியை முதல் நாளே ஊறவைத்து, அடுத்த நாள் ஆவியில் வேகவைத்து, கொதிக்கக் கொதிக்க உரலில் கொட்டுவார்கள். உலக்கை நம்முடையது மாதிரி நேராக இருக்காது, பெரிய மரச் சுத்தியல் போல இருக்கும். எடுத்தவுடனே ஓங்கி அடித்தால் சோறு சிதறும், அதனால் முதலில் அழுத்தி மசிக்க வேண்டும். பிறகு ஆள் மாற்றி ஆள் அடிக்க, இரண்டு அடிக்கு நடுவே ஒருவர் ஈரக்கையால் மாவைப் புரட்டிவிடுவார். அவர் கைமேல் விழாமல் அடிக்க எண்ணிக்கை சொல்லி, மூச்சுப் பிடித்து, எதிராளியைக் கவனிக்க வேண்டும். பெரிய பசங்களுக்கு ஒருவரையொருவர் நம்புவது என்றால் என்ன என்பதை நான் எந்த உரையிலும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. சின்னதுகள் மாவு தூவிய மேசையில் உருண்டை பிடிக்கும், ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரட்டை மோச்சி புத்தர் முன் போகும்.

எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு, வகுப்பிலும் சொல்லுவேன். எது புத்தர் சொன்னது, எது ஜப்பானியர் வழக்கம் என்று பிள்ளைகளிடம் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும். கிமோனோவும் முரசும் மோச்சியும் தர்மம் இல்லை. அவற்றை மட்டும் கொடுத்தால் பிள்ளைகளுக்கு விழா மிஞ்சும், விஷயம் போய்விடும். அதற்காக வழக்கத்தை எல்லாம் கழித்துவிட்டு வெறும் கொள்கையை மட்டும் சொன்னால் எட்டு வயதுக்கு அது ஒட்டாது. முள்வேலிக்குள்ளே இதைக் காப்பாற்றியவர்களின் கதையும் காணாமல் போகும். இரண்டையும் கொடுக்க வேண்டும், இது இது என்று பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஜப்பானியர் அல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது இன்னும் அவசியம். அப்போதுதான் தனக்கும் இதில் இடம் உண்டு என்று அதற்குத் தெரியும். என் மகள் பாதி கும்பகோணம், அவளுக்கு இது நன்றாகவே தெரியும்.

நடைமுறைக்கு வருகிறேன். மதம் மாறச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள், பெயரைப் பதியச் சொல்லி நெருக்கவும் மாட்டார்கள். சைவக் குடும்பமாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். இந்தப் பிரிவில் சைவ விரதம் கட்டாயம் இல்லை, ஓபோன் கடைகளில் கோயில்காரர்களே டெரியாகி கோழி சுடுவார்கள். சோயாப் பையில் சோறு அடைத்த இனாரி சுஷி சைவம் போலத் தெரியும், ஆனால் மீன் சாறு சேர்ந்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள். தர்மப் பள்ளி பெரும்பாலும் பள்ளி ஆண்டை ஒட்டி நடக்கும், கோடையில் விடுமுறை. அதனால் ஜூலையில் ஓபோனுக்குக் குடும்பத்தோடு வாருங்கள், ஆட்டப் பயிற்சிக்கும் வாருங்கள், கிமோனோ எதுவும் வாங்க வேண்டாம். பிடித்திருந்தால் கோயில் அலுவலகத்தில் பிள்ளையின் வயதைச் சொல்லி செப்டம்பரில் எந்த வகுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஞாயிறுகளில் உங்களுக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.